ஆரஞ்சு வயரும் நீலக் கிளிப்பும்

விரல் கணுவால் நான்கு தட்டு. முதலில் மஞ்சள் ஃப்ரிட்ஜின் கதவில், அடுத்து துணி துவைக்கும் மெஷினின் மூடியில், பிறகு பழைய அடுப்பின் தகரத்தில், கடைசியாகப் பெட்டி ஃப்ரீசரின் மேல். காலை ஐந்தே முக்காலுக்குப் பள்ளிப் பேருந்தை எடுக்கக் கிளம்பும் முன் டீனா ஹூக்ஸ்ட்ரா தன் கராஜில் நிற்கும் நான்கையும் இப்படி நலம் விசாரித்துவிட்டுத்தான் போவார்.

"என்ன, எல்லாரும் உசுரோட இருக்கீங்களா?"

மைனஸ் இருபத்தெட்டில் வாயைத் திறந்தால் சொல்லுக்கு முன்னால் புகை வரும். பதில் சொல்வது ஃப்ரிட்ஜ் மட்டும்தான். உடம்பைக் குலுக்கிக்கொண்டு ஒருமுறை உறுமும். டீனாவுக்கு அது போதும். காதுவரை இழுத்த கம்பளித் தொப்பியோடு பனியில் நொறுக் நொறுக்கென்று நடந்து ஏழாம் நம்பர் பேருந்தில் ஏறிவிடுவார்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. மலையடிவாரத்துச் சின்ன ஊரான ஹார்லோவில் பாதிப் பேர் சிறு வயதில் அவர் பேருந்தில் போனவர்கள். தெருவில் எதிர்ப்படும் முப்பது வயது ஆளைக்கூட, "நீ மூணாவது சீட்டுல வாந்தி எடுத்தவன்தானே?" என்று அடையாளம் சொல்வார். அந்த ஆளும் வெட்கத்தோடு, "ஆமா மிஸ் டீனா," என்பான்.

கராஜுக்குள் வெப்பம் கிடையாது. கணவர் கெரிட் பால் பண்ணையை விற்ற வருடம், சுவரில் ஒரு சின்ன ஹீட்டராவது மாட்டலாம் என்றார். டீனா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "சூடு பண்ணின கராஜுக்குள்ள ஃப்ரீசரை வைக்கிறது, அடுப்பு மேல உக்காந்து விசிறிக்கிற மாதிரி."

ஆனால் வெப்பமில்லாத கராஜில் இந்தச் சாமான்களை வைத்திருப்பது குளிர்காலம் முழுக்க ஒரு குடும்பத்தைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். மஞ்சள் ஃப்ரிட்ஜுக்குள், பால் புட்டி வைக்கும் தட்டில், டிசம்பர் முதல் மார்ச் வரை ஒரு நாற்பது வாட் பல்பு எரியும். முதல்முறை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். டீனா சிரிக்காமல் விளக்குவார்.

"ஃப்ரிட்ஜுக்குக் குளிர் ஆகாது, தெரியுமா? சுத்தி பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேல ஜில்லுன்னு இருந்தா, நமக்கு இங்க வேலை இல்லன்னு படுத்துடும். அது படுத்துதுன்னா மேல ஐஸ் அறையில இருக்கிறது எல்லாம் இளகிப் போயிடும். அதான் உள்ள ஒரு பல்பு. வெயில் அடிக்குதுன்னு நெனச்சிக்கிட்டு ஓடும், லூசு."

துவைக்கும் மெஷின் கோடையில் மட்டும் வேலை செய்யும். அக்டோபர் கடைசியில் டீனா அதன் குழாய்களைக் கழற்றி, ஒரு முனையில் வாயை வைத்து, கன்னம் சிவக்க ஊதுவார். உள்ளே ஒரு மிடறு தண்ணீர் தங்கினால்கூட ஜனவரியில் அது பனியாகி பம்பைப் பிளந்துவிடும். ஊதி முடித்ததும் உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தில் ஒரு கோப்பை ஊற்றி, "இதைக் குடிச்சிட்டுத் தூங்கு," என்று மூடியைச் சாத்துவார். ஒரு வருடம் முழு மெஷினையும் பிரித்துத் திரும்பப் பூட்டியபோது போல்ட்டில் திருகும் ஒரு மறை மட்டும் மிஞ்சிவிட்டது. எந்த இடத்து மறை என்று இன்றுவரை தெரியவில்லை. மெஷின் அது இல்லாமலே ஓடுகிறது.

அடுப்பு வருடத்தில் ஒரே நாளுக்கு. டிசம்பர் முப்பத்தொன்று மதியம், கோட்டும் தொப்பியுமாக நின்று, உலர்திராட்சை போட்ட மாவு உருண்டைகளை இருநூறுக்குக் குறையாமல் பொரிப்பார். ஹார்லோவின் டச்சு வம்சத்து வீடுகள் எல்லாவற்றிலும் அந்த மதியம் கராஜ் கதவுகள் பாதி திறந்து எண்ணெய்ப் புகை வரும். "வீட்டுக்குள்ள பொரிச்சா ஈஸ்டர் வரைக்கும் திரைச்சீலை மணக்கும்," என்பார் டீனா.

பெட்டி ஃப்ரீசர் விஷயத்தில்தான் அவரை ஊரே கிண்டல் செய்யும். குளிர் மைனஸ் பதினைந்துக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றுவிட்டால், டீனா ஃப்ரீசரின் வயரைப் பிடுங்கிவிடுவார். அத்தனை குளிரில் மோட்டாரின் எண்ணெய் தடித்துப்போய் அது முக்கி முனகித்தான் கிளம்பும், எதற்கு வீண் சித்திரவதை என்பது அவர் வாதம். "ஊரே ஃப்ரீசரா நிக்குது. அதுக்குள்ள இன்னொரு ஃப்ரீசருக்கு எதுக்கு கரண்டு?" மேலே இரண்டு பழைய மெத்தை விரிப்பு, ஒரு தூக்கப் பை, அதன் மேல் ஒரு பலகை. உள்ளே, எல்லாவற்றுக்கும் மேலாக, தயிர் டப்பாவில் உறைந்த தண்ணீர். அந்தப் பனியின் மேல் அந்த மிஞ்சிய மறை. எப்போதாவது உள்ளே இளகினால் மறை தண்ணீருக்குள் மூழ்கிவிடும். திரும்ப உறைந்தாலும் அடியில் கிடந்து காட்டிக்கொடுக்கும். "ஒரு உபயோகமும் இல்லாத மறைன்னு எவன் சொன்னது?"

இந்த ஏற்பாட்டுக்கு ஒரே எதிரி சினூக். மலையைத் தாண்டி வரும் அந்தக் காற்று அடிக்கத் தொடங்கினால் காலையில் மைனஸ் இருபதில் இருந்த ஊர் மதியச் சாப்பாட்டுக்குள் பிளஸ் எட்டில் ஒழுகிக்கொண்டிருக்கும். ஆனால் வருவதற்கு முன் அது தகவல் சொல்லும். மேற்கே மலைகளின் மேல் மேகம் ஒரு வில்லாக வளைந்து, அதன் கீழே ஒரு கீற்று வெளிர் வானம் தெரியும். டீனா தன் பேருந்தில் இருக்கும் முப்பத்திரண்டு குழந்தைகளையும் இதற்கு ஒற்றர்களாக வைத்திருக்கிறார். "மிஸ் டீனா, வளைவு! வளைவு!" என்று பின் சீட்டிலிருந்து முதலில் கத்தும் பிள்ளைக்கு ஒரு புதினா மிட்டாய். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேராக வீட்டுக்கு வந்து ஃப்ரீசரின் வயரைச் சொருகுவார். பத்தொன்பது குளிர்காலம் இப்படி ஓடியிருக்கிறது. ஒரு பட்டாணிகூடக் கெட்டதில்லை.

இந்தக் குளிர்காலம் ஃப்ரீசருக்குள் இருந்தது பட்டாணி அல்ல. பிராண்டி டோல்மனின் மான்.

பிராண்டியும் ஏழாம் நம்பர் பேருந்தின் பிள்ளைதான். இப்போது இரண்டு குழந்தைகள். கணவன் கோடிக்கு எண்ணெய்க் கிணற்று வேலை ஆகஸ்டில் போய்விட்டது. எல்க் மான் சுடும் அனுமதிச் சீட்டுக்கு ஆறு வருடமாகக் குலுக்கலில் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தவனுக்கு, வேலையில்லாமல் பொழுது போகாத இந்த வருடம் பார்த்து அது விழுந்தது. நவம்பரில் ஒரு பெரிய பெட்டையைச் சுட்டான். வெட்டிக் கட்டி வந்தபோது நூறு கிலோவுக்கு மேல் இறைச்சி. பழுப்புக் காகிதத்தில் சுற்றி, ஒவ்வொன்றிலும் பிராண்டியின் குண்டுக் கையெழுத்து. அவர்கள் இருப்பதோ ஒரு வீட்டின் அடித்தளத்து இரண்டு அறை. அங்கே இருக்கும் ஃப்ரிட்ஜின் ஐஸ் அறையில் இரண்டு பொட்டலம் வைத்தால் கதவு மூடாது.

"எங்கிட்ட பாதி ஃப்ரீசர் காலியா கெடக்கு. கொண்டாந்து போடு," என்றார் டீனா.

"அடுத்த வேட்டை வரைக்கும் எங்களுக்கு இதுதான் கறி, மிஸ் டீனா. வேற வாங்கறதா இல்ல."

"தெரியும் கண்ணு. எங்கிட்ட இருக்கில்ல, விடு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பிராண்டி வந்து இரண்டு பொட்டலம் எடுத்துப்போவாள்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. பேரனுக்கு ஞாயிறன்று ஞானஸ்நானம். மகள் அன்னலீஸின் வீடு ரெட் டியரில், வடக்கே மூன்றரை மணி நேரப் பயணம். பிராண்டியை ஒரு நாள் முன்னதாகவே வரச்சொல்லி வாரத்துப் பொட்டலங்களைக் கொடுத்தாகிவிட்டது. அன்று காலை பின் சீட்டிலிருந்து கத்தல் வந்தது: "வளைவு!" டீனா மிட்டாயைக் கொடுத்தார், வீட்டுக்கு வந்தார், வயரைச் சொருகினார். மோட்டார் ஒருமுறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. திருப்தியோடு மதியச் சுற்றுக்குப் போனார்.

சினூக் வந்தால் ஹார்லோவில் ஆண்கள் செய்யும் முதல் காரியம் ஒன்று உண்டு. குளிரில் இஞ்சின் உறைந்துபோகாமல் இருக்க ஒவ்வொரு காரும் மூக்கில் ஒரு வயரோடு கரண்டில் சொருகி நிற்கும். சூடான காற்று அடித்ததும் அதைப் பிடுங்க வேண்டும். அன்று மாலை மூன்றரைக்குப் பெட்டிகளை ஏற்றிவிட்டு கெரிட்டும் அதைத்தான் செய்தார். கார் அடுப்பை முட்டிக்கொண்டு நிற்பதால் மூக்குப் பக்கம் கை போகாது. சுவரில் இருக்கும் முனையை முதலில் பிடுங்கிவிட்டு, காரை வெளியே எடுத்த பிறகு இறங்கி மறுமுனையை உருவுவது அவர் வழக்கம். சுவரில் இரண்டு ஆரஞ்சு வயர்கள் இருந்தன. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அவரே வாங்கி வந்தவை. ஒன்றைப் பிடுங்கினார். காரை வெளியே எடுத்து இறங்கினார். அந்த நேரம் பார்த்துக் காற்று அவர் தொப்பியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வேலிக்குப் போனது. அதைத் துரத்திப் பிடித்து, மூச்சு வாங்க வந்து ஏறி உட்கார்ந்து, சுற்றை முடித்து வரும் டீனாவை ஏற்றிக்கொள்ளக் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறன்று ஞானஸ்நானம் நன்றாக நடந்தது. பிள்ளை அழவே இல்லை. தண்ணீர் பட்டதும் போதகரைப் பார்த்து ஏப்பம் விட்டது. சனி இரவு வடக்கே குளிர் திரும்பியிருந்தது. ரெட் டியரில் மைனஸ் பத்தொன்பது. ஆராதனை முடிந்து வந்ததும், மாமாவின் கார் மறுபடி கிளம்ப வேண்டுமே என்று மருமகன் ட்ரெவர் அதைக் கரண்டில் சொருகப் போனான். மின்சார வேலை செய்பவன். காரின் அடியில் குனிந்தவன் சத்தமாகச் சிரித்தான்.

"மாமா, உங்க வண்டிக்கு வாலு முளைச்சிருக்கு!"

சேறும் பனியும் ஒட்டி உறைந்த ஒரு ஆரஞ்சு வயர், இரண்டு மீட்டர் நீளத்துக்கு, காரின் வயிற்றில் சுருண்டு கிடந்தது. ட்ரெவர் அதைப் பெயர்த்து எடுத்தான். மூன்று பித்தளைக் கால்களும் ஒரு பக்கமாக மடங்கியிருந்தன. அதைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது.

"இது கையால கழட்டினது இல்ல. செவுத்துல இருந்து வண்டி இழுத்துப் பிடுங்கியிருக்கு."

கெரிட், "அதெப்படி? நான்தான் கழட்டினேனே," என்றார்.

டீனா கையில் கேக் தட்டோடு வாசலில் நின்றிருந்தார். தட்டை மெதுவாகப் படியில் வைத்தார்.

"கெரிட். காரோட வயரு காரோட வந்திருச்சுன்னா, நீ கழட்டினது எதை?"

தெற்கே, ஹார்லோவை அடுத்த லெத்பிரிட்ஜ் பக்கம் இன்னும் பிளஸ் ஒன்பது என்று வானொலி காலையிலேயே சொல்லியிருந்தது. நாற்பத்தைந்து மணி நேரம் ஆகியிருந்தது.

பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டுச் சொருகச் சொல்லலாமே என்றாள் அன்னலீஸ். கராஜின் பெரிய கதவைத் திறக்கும் ரிமோட் காரின் கண்ணாடிக்கு மேல் சொருகியிருந்தது. பக்கவாட்டுக் கதவோ நவம்பரில் கோடைக்கால டயர்களை அடுக்கியதிலிருந்து திறக்க முடியாதது. பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள்.

பாதி வழியில் இருக்கும் கல்கரி வரைக்கும் சண்டை.

"ரெண்டும் ஆரஞ்சுன்னா நான் என்ன பண்றது?"

"அதுக்குத்தான் ஃப்ரீசர் வயர்ல நீல கிளிப் போட்டிருக்கேன். ரொட்டிப் பை கிளிப். நாலு வருஷமா அது அங்கதான் இருக்கு. நீல கிளிப்பு இருக்கிறதைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"பார்த்தேன் டீனா. ரெண்டுலயும் கிளிப் இல்ல."

"இருந்துச்சு."

"இல்ல."

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்த்தியா?"

"தொப்பிதான் பறந்துச்சு. கண்ணாடி மூக்கு மேலதான் இருந்துச்சு."

"ஆறு வருஷம் காத்திருந்து கெடச்ச மான், கெரிட். அதுங்க ரெண்டும் வேற கறி வாங்காது. வாங்கவும் முடியாது."

கெரிட் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாழ்நாளில் ஓட்டாத வேகத்தில் ஓட்டினார்.

கல்கரியைத் தாண்டியதும் டீனா பின் சீட்டுக்குக் கையை நீட்டிப் பையை எடுத்தார். வரும்போது வழிக்கென்று சீஸ் வைத்துக் கட்டிய ரொட்டிகளில் இரண்டு மிச்சம் இருந்தன. கோபம் இருந்தாலும் கெரிட் காலையிலிருந்து சாப்பிடவில்லை. பையின் வாயைப் பிரிக்கப் போன டீனாவின் கை பாதியில் நின்றது. வாயை மூடியிருந்தது ஒரு நீலக் கிளிப். அதில் கறுப்பு மையில், அவருடைய கையெழுத்திலேயே, ஃப்ரீசர் என்று எழுதியிருந்தது.

வியாழன் மாலை நினைவுக்கு வந்தது. ரொட்டி வாங்கிய பையின் கிளிப் உடைந்து போனது. கராஜில் நின்று இதைக் கழற்றினது. காலையில் திரும்ப மாட்டிவிடலாம் என்று நினைத்தது.

கிளிப்பைக் கழற்றி கோட்டுப் பைக்குள் போட்டார். ரொட்டியைப் பிட்டு கெரிட்டின் கையில் கொடுத்தார். வெண்ணெய் தடவிய பக்கமாகப் பார்த்துக் கொடுத்தார். பிறகு ஃபோனை எடுத்து பிராண்டியைக் கூப்பிட்டார்.

"கண்ணு, மிஸ் டீனா பேசறேன். ஒரு தப்பு ஆயிடுச்சு. வெள்ளிக்கிழமை சாயந்தரத்துல இருந்து ஃப்ரீசருக்குக் கரண்டு இல்ல. உங்க கறி என்ன ஆச்சுன்னு தெரியல. தப்பு எங்க வீட்டுலதான்."

கெரிட் திரும்பிப் பார்த்தார். 'எங்க வீட்டுலதான்' என்றதை அவர் கவனித்துவிட்டார்.

மறுமுனையில் ஒரு குழந்தை கரண்டியால் எதையோ தட்டிக்கொண்டிருந்தது. பிராண்டி கேட்டாள்: "எத்தனை மணிக்கு வருவீங்க, மிஸ் டீனா?"

"நாலு."

"நாங்க வந்து நிக்கிறோம்."

நான்கு மணிக்கு அவர்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். கூரைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தெரு முழுக்கச் சேறு. கோடி தன் அம்மாவிடமிருந்து இரண்டு பெரிய பிரஷர் பாத்திரங்களும் நாற்பது கண்ணாடி ஜாடிகளும் வாங்கி வந்து வண்டியில் வைத்திருந்தான். இளகியிருந்தால் முழு மானையும் வேகவைத்து ஜாடியில் அடைத்துவிடுவது என்று கணக்கு.

"கெட்டுப் போகலன்னா சமைச்சிடலாம்," என்றான். அவனுக்கே நம்பிக்கை இல்லாத குரல்.

ரிமோட்டை அழுத்தியதும் கதவு முனகிக்கொண்டு ஏறியது. உள்ளே மஞ்சள் ஃப்ரிட்ஜ் மட்டும் ஒன்றும் தெரியாதது போல ஓடிக்கொண்டிருந்தது. தரையில் ஈரம். ஃப்ரீசரின் ஆரஞ்சு வயர் சுவரடியில் சோர்ந்து கிடந்தது. டீனா பலகையை எடுத்தார். தூக்கப் பையை எடுத்தார். இரண்டு விரிப்புகளையும் மடித்து, அவசரமில்லாத பெண்ணைப் போல அடுப்பின் மேல் வைத்தார். மூடியைத் தூக்கினார்.

குளிர் முகத்தில் வந்து அடித்தது.

தயிர் டப்பா மேலேயே இருந்தது. பனி வெள்ளையாக, மட்டமாக இருந்தது. அதன் மேல், வைத்த இடத்திலேயே, அந்த மறை.

டீனா டப்பாவை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒன்றும் கொட்டவில்லை. மறை மட்டும் தரையில் விழுந்து கிணுகிணுவென்று உருண்டது. கோடி தோள்வரைக்கும் கையை விட்டு இரண்டு பொட்டலத்தை எடுத்து ஒன்றோடொன்று மோதினான். டொக். இன்னொரு முறை மோதினான். செங்கல் சத்தம். மூலையில் இருந்து ஒன்று, அடியில் இருந்து ஒன்று. டொக், டொக்.

"கல்லு," என்றான். "எல்லாம் கல்லு!"

பிராண்டி ஃப்ரீசரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அழுகிறாள் என்று நினைத்தார் டீனா. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "என் கையெழுத்துகூடக் கலையல, மிஸ் டீனா."

விஷயம் எளிதானது. ஆறு வாரம் மைனஸ் இருபதில் இறுகிய நூறு கிலோ, பெட்டி நிறைய நெருக்கமாக, மூன்று போர்வைக்கு அடியில் கிடந்திருக்கிறது. இரண்டு நாள் சூடு அதன் தோலைக்கூடத் தொடவில்லை. ஒரே ஒரு சாமான் மட்டும் தோற்றிருந்தது. மேல் ஓரத்தில் இருந்த நாலு லிட்டர் வெனிலா ஐஸ்கிரீம் வாளி அமுக்கினால் குழிந்தது.

"இது திரும்ப உறைஞ்சா நல்லா இருக்காது," என்றார் கெரிட். இரண்டு மணி நேரத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை.

"அப்போ என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற? கரண்டி எடு."

கராஜில் இருந்தது உருண்டை பொரிக்கும் ஓட்டைக் கரண்டி ஒன்றுதான். நான்கு பேரும் ஃப்ரீசரைச் சுற்றி நின்று, கோட்டுப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, அந்த ஒரே கரண்டியைக் கை மாற்றிக் கை மாற்றிச் சாப்பிட்டார்கள். ஓட்டை வழியாக ஐஸ்கிரீம் கோடியின் பூட்ஸில் சொட்டியது. ஜாடி எல்லாவற்றையும் திரும்ப அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமே என்று அவன் புலம்ப, பிராண்டி அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

"அடுத்த தடவை உங்க ஃப்ரீசருக்குப் பச்சை வயரு வாங்கித் தர்றேன்," என்றாள் டீனாவிடம்.

"ஒண்ணும் வேணாம் கண்ணு."

டீனா குனிந்து, சுவரடியில் கிடந்த ஆரஞ்சு வயரைத் துடைத்துச் சொருகினார். மோட்டார் இருமியது, ஓடியது. பிறகு கெரிட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோட்டுப் பைக்குள் இருந்து நீலக் கிளிப்பை எடுத்து வயரில் மாட்டினார். பற்கள் சரியாகக் கவ்வியிருக்கின்றனவா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார். திரும்பியபோது கெரிட் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கரண்டியின் முறை கெரிட்டுடையது. வாளியின் அடியைச் சுரண்டி, மிச்சமிருந்த கடைசி வாயை எடுத்து, சொட்டாமல் அடியில் உள்ளங்கையைப் பிடித்து, டீனாவின் முன்னால் நீட்டினார்.